நான் விரல் நீட்டிக் காட்டிய அறை

எனக்குப் பின்னால் துறைக்கு வந்த பிந்து போன மாதம் போன் செய்தாள். புதிய பாடத்திட்டத்தில் ‘இயற்கை நிலை’ என்ற பகுதியை ஏறக்குறைய எடுத்துவிட்டார்களாம். சரியான விடையைத் தேர்ந்தெடு என்று ஒரு கேள்வியோ இரண்டோ வருமாம், அவ்வளவுதான்.

“டீச்சரே, ஒங்களுக்க சாக்பீஸ் கிளாஸ் இனி ஒரு பிள்ளைக்கும் கிட்டாது. துறைக்கு ஒரு மலர் போடுதோம். அந்தக் கிளாஸ எப்படி எடுப்பீங்கன்னு எழுதித் தரணும். பழைய பிள்ளைய இப்பவும் அதத்தான் பறையுது.”

“நான் எழுதினா நீ அச்சடிக்க மாட்டே” என்றேன்.

“டீச்சர் எழுதுங்க. அச்சடிக்கியது எனக்க காரியமாக்கும்.”

எழுதியிருக்கிறேன். அச்சடிப்பதும் கிழித்துப் போடுவதும் இனி அவள் பாடு.

பாறசாலைக்குக் கிழக்கே, ரோட்டின் ஒரு பக்கம் கேரளமும் மறு பக்கம் தமிழ்நாடுமாகக் கிடக்கும் ஊர் எனக்கு. எல்லைக் கல்லைப் பார்த்து வளர்ந்ததால் அரசியல் படிக்கப் போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. பொருளாதாரத்தில் இடம் கிடைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் எம்.ஏ., மூன்று வருடம் தற்காலிக வேலை, பிறகு நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே ஒரு கல்லூரியில் இருபத்தொன்பது வருடம். பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், திட்டு மட்டும் தமிழில். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு மூன்றும் புரியும்.

இயற்கை நிலை என்றால் என்ன என்று, படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. அரசு, போலீஸ், கோர்ட், பட்டா ஒன்றுமே இல்லாத காலத்தில் மனிதர்கள் எப்படி இருந்திருப்பார்கள்? முந்நூறு, நானூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் சிலர் உட்கார்ந்து இதை யோசித்தார்கள். ஒருவருக்கு ஒருவர் பயந்து, வெட்டிக்கொண்டு கிடந்திருப்பார்கள், அதனால்தான் எல்லா அதிகாரத்தையும் ஓர் ஆள் கையில் கொடுத்தார்கள் என்றார் ஒருவர். இல்லை, அப்போதும் நியாயம் இருந்தது, நிலத்தில் யார் உழைத்தாரோ அது அவருக்குச் சொந்தம், வழக்கு வந்தால் தீர்க்கப் பொதுவான ஆள் இல்லை என்பதுதான் குறை என்றார் இன்னொருவர். மனிதன் நல்லவனாகத்தான் இருந்தான், வேலி போட்ட அன்றைக்குத்தான் கெட்டான் என்றார் மூன்றாமவர். அந்தக் காலக் கதைகளும் இதே பேச்சுதான். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்குகிறவன் ஈரத் துணியைக்கூடப் பிழியாமல் முதலில் தீவைச் சுற்றிப் பார்த்து எல்லாம் எனக்கு என்பான். ஆசிரியர்களின் பெயர்கள் பரீட்சைக்கு வேண்டும். நான் சொல்லப் போகும் காரியத்துக்கு வேண்டாம்.

சாக்பீஸ் கிளாஸ் என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் துறைத் தலைவர் பரமேஸ்வரன் சார் நடத்தி வந்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒருவரைத் திருத்த வேண்டி வந்தால் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசுவார். திட்டு வாங்குகிறவர் கூசிப்போவதைத் தான் பார்க்கக் கூடாது என்று அவருக்கு. அவர் ஜன்னல் பக்கம் திரும்பினாலே எங்களுக்குத் திட்டு வருகிறது என்று தெரிந்துவிடும்.

கிளாஸுக்கு முந்தின நாள் பெஞ்சுகளை எல்லாம் வராந்தாவில் எடுத்துப் போடச் சொல்வார். மறுநாள் பிள்ளைகள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறும் தரையில் வந்து நிற்கும். சார் புது சாக்பீஸ் ஒன்றை, ஒன்றே ஒன்றை, நடுத்தரையில் வைப்பார். “இந்தக் கிளாஸ் முறிக்கு உடைமைக்காரன் இல்ல. நான் இல்ல, பிரின்சிபல் இல்ல, போலீஸ் இல்ல. ஒரு மணி நேரம் இருக்க ஒவ்வொருத்தருக்கும் இடம் வேணும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய், வராந்தாவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே என்ன சத்தம் வந்தாலும் திரும்ப மாட்டார். வாட்ச் பார்த்து நாற்பது நிமிடம் கழிந்த பிறகுதான் உள்ளே வருவார்.

உள்ளே வருடா வருடம் ஒரே கூத்துதான். சாக்பீஸ் நாலாக ஒடியும். ஃபேனுக்குக் கீழே தடியன்மார் பெரிய கட்டம் போடுவார்கள். வாசல் பக்கம் கோடு போட்டவன், வெளியே போக வேண்டுமானால் என்னிடம் கேள் என்பான். சிரிப்பு, தள்ளு, சில வருடம் அழுகை. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு பெண் எழுந்து கமிட்டி போடுவோம் என்பாள். சார் உள்ளே வந்து யார் தப்பு, யார் சரி என்று ஒன்றும் கேட்க மாட்டார். எல்லாரையும்விடச் சின்ன கட்டத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தேடிப் பிடித்து, எதிரில் குந்தி உட்கார்ந்து, “நீ எதுக்கு மக்கா இதுக்குச் சம்மதிச்சா?” என்று கேட்பார். அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்கிறதோ அதிலிருந்துதான் பாடம் தொடங்கும்.

நான் அதை எடுக்கத் தொடங்கிய வருடம் என்னைக் கூப்பிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு காரியம் சொன்னார்.

“சரோஜா, இயற்கை நிலைன்னியது ஒரு நினைப்பாக்கும். அதில ஒருத்தனும் ஜீவிச்சதில்ல. ஒரு ஊரயோ ஆளயோ காட்டி, இன்னா இதாக்கும் அதுன்னு பிள்ளையளுக்குப் பறயக் கூடாது. புஸ்தகம் எழுதினவிய அந்தத் தப்பச் செய்தாச்சு. கடலுக்கு அக்கரை கிடந்த சனத்தக் காட்டி, இவியளுக்குச் சட்டம் இல்ல, வேலி இல்லன்னு எழுதினாவ. மை உணங்கும் முன்ன கப்பல் போய் அவியளுக்க நிலத்த எடுத்தாச்சு. ஆளக் காட்டாத.”

சரி சார் என்றேன். பதினேழு வருடம் அதை மீறவும் இல்லை.

பதினெட்டாவது வருடம் மிதுன மாத மழையில் பொழியூர்ப் பக்கம் கடல் ஏறி ஒரு வரிசை வீட்டைக் கொண்டுபோனது. அங்கே எல்லாம் லத்தீன் கத்தோலிக்கர், கடல் தொழில் செய்கிறவர்கள். அவர்களை முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் இரண்டே வாரம் என்று சொல்லி எங்கள் கல்லூரியின் பழைய கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு மதில், அதற்குத் தனிக் கேட் பின்பக்கம். இரண்டு வாரம் இரண்டு மாதமாகி, ஓணமும் கழிந்தது. ஓர் அறைக்கு நாலு குடும்பம். பெஞ்சுகளை நிறுத்தி மறைவு கட்டியிருந்தார்கள், பரீட்சைக்கு வேண்டும் என்று கல்லூரி அதையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர்கள் கரும்பலகையடியில் கிடந்த சாக்பீஸால் தரையில் கோடு போட்டு வீடு பிரித்தார்கள்.

இதை எங்கள் பியூன் வந்து சொன்னபோது எனக்கு ஏற்பட்டது பரிதாபம் அல்ல, சந்தோஷம். பாடம் நடந்து வந்து பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. அதை வைத்து ஒரு கட்டுரை எழுதிக் கருத்தரங்கில் வாசிக்கலாம் என்றுகூட அன்றைக்கே கணக்குப் போட்டேன்.

அந்த வருடம் இரண்டாம் ஆண்டு வகுப்பில் செலின் என்று ஒரு பெண் இருந்தாள். ஜன்னல் பக்கம், இரண்டாவது பெஞ்சு. தேய்த்த சுரிதார், எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, அதிகம் பேசமாட்டாள். நிலத்தில் உழைத்தவனுக்கே நிலம் என்ற பாடம் நடந்த அன்று எழுந்து, “உழைச்சவனுக்காக்கும் நிலம்ங்கி, நிலத்தக் கடல் கொண்டுபோனா அவனுக்கு என்ன உண்டு டீச்சர்?” என்று கேட்டாள். “அது சிலபஸில் இல்லை” என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நீ எந்த ஊர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் பழைய கட்டடத்து முகாமுக்கு வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனேன். முகாமைப் பார்த்துக்கொண்ட வில்லேஜ் ஆபீஸ் ஊழியரிடம் அனுமதி வாங்கினேன். பிரின்சிபலிடம் வாங்கினேன். உள்ளே இருந்தவர்களிடம் வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பரமேஸ்வரன் சார் அன்று ஒரு கூட்டத்துக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஏழாம் நம்பர் அறை. வாசல் பக்கக் கட்டத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. முப்பது பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். ஒரு நொடி எங்களையெல்லாம் பார்த்தாள். பிறகு என்னை மட்டும் பார்த்தாள்.

“இந்தக் கோடு ஆரு போட்டது?” என்று கேட்டேன்.

“நாங்கதான் டீச்சரே.”

“ஆராவது தாண்டினா?”

“ஆரும் தாண்டாது.”

“கேக்க போலீஸ் உண்டா? கமிட்டி உண்டா?”

“ஒண்ணும் இல்ல டீச்சரே.”

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். கை தானாக நீண்டது. அந்தப் பெண்ணின் பாயை, அடுப்பை, துணி மூட்டையைக் காட்டி, “பாருங்கள், சட்டம் இல்லை, நீதிபதி இல்லை, சாக்பீஸ் கோடுதான் எல்லை. புத்தகத்தில் படித்தது இதுதான். இயற்கை நிலை” என்றேன். முப்பது பேனாவும் எழுதின. குழந்தை பிள்ளைகளின் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக் கையைத் தூக்கியது. அந்தப் பெண் சட்டென்று அதன் முகத்தைத் தன் மார்போடு திருப்பி அழுத்திக்கொண்டாள். குழந்தைக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன். தாண்டாமல் இருப்பது ஏன் என்ற அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பார்த்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் என் மேசையில் முதலில் இருந்தது செலினுடைய தாள்தான். அவளைக் காணவில்லை. மலையாளத்தில் எழுதியிருந்தாள். அதில் ஒரு பகுதியைத் தமிழில் தருகிறேன்.

‘அந்த அறையில் தினமும் காலையில் தரையைத் துடைப்பார்கள். கோடு அழிந்துவிடும். பிறகு மறுபடி போடுவார்கள். ஒரு வீட்டின் கோட்டை அந்த வீட்டார் போடக் கூடாது, பக்கத்து வீட்டார் போட வேண்டும். மறுநாள் முறை மாறும். அதனால் யாரும் யாருக்கும் குறைத்துப் போடுவதில்லை. காய்ச்சல் உள்ள வீட்டுக்கு ஒரு சாண் கூட்டிப் போடுவார்கள். இதைச் செய்ய யாரும் சொல்லவில்லை. கடற்கரையில் கட்டுமரம் ஏற்றி வைக்கும் இடத்தையும் அவர்கள் இப்படித்தான் பிரிப்பார்கள். ஆசிரியை கேள்வி கேட்ட பெண்ணின் மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள். காலையில் பின்கேட் வழியாக வெளியே போய், மதிலைச் சுற்றி நடந்து, பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களோடு சேர்ந்து முன்கேட் வழியாக உள்ளே வருவாள்.’

அந்தக் கடைசி வரியை நான் மூன்று முறை வாசித்தேன். அந்த மகள் முந்தின நாள் அந்த வாசலில் நோட்டும் பேனாவுமாக நின்றவர்களில் ஒருத்தி.

அன்று மதியமே ஏழாம் அறைக்கு ஓடினேன். கயிற்றில் தொங்கிய ஒரு சேலைக்குப் பின்னால் செலின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் அம்மா ஃப்லோரி, முந்தின நாள் முறத்தோடு இருந்தவள், கோட்டுக்கு உள்ளே நின்றாள், நான் வெளியே.

“அவளக் கூப்பிடுங்க. நான் மன்னிப்புக் கேக்கணும்” என்றேன்.

“வரமாட்டா டீச்சரே.” அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “எனக்க மவ எனக்க முன்ன வந்து நின்னா. எனக்க மொகம் பாக்கல்ல. நானும் அவளுக்க மொகம் பாக்கல்ல. கூட்டாளிய அறிஞ்சா அவளுக்குக் கொறச்சல் இல்லியா? நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் பறஞ்சேன். நான் பறஞ்சத அவ எழுதி எடுத்தா. இனி என்ன டீச்சரே வேணும்?”

திரும்பி வரும்போது, இத்தனைக்கும் நடுவே, வகுப்பில் வேறு யாருக்கும் தெரியவில்லை என்று மனசு ஓர் ஓரத்தில் நிம்மதிப்பட்டது. அந்த நிம்மதி செலினுக்காகவா எனக்காகவா என்று அப்போது நான் பார்க்கவில்லை. இப்போது தெரிகிறது.

பரமேஸ்வரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் பேசி முடித்த பிறகும் திரும்பவில்லை. “ஏழாம் நம்பர் இல்லியா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று முதல் தினமும் மாலையில் அவர் பழைய கட்டடத்துக்குப் போனார். ஏழாம் அறை வராந்தாவில், வாசலுக்கு வெளியே, தரையில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ரிட்டயர்டாக ஆறு மாதம் இருந்த மனிதர், முட்டுவலிக்காரர். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்து போவார். நாலாம் நாள் ஃப்லோரி கட்டன் சாயா கொண்டு வைத்தாளாம். ஆறாம் நாள் செலின் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் விட்டுப்போன பாடத்தை விட்ட இடத்திலிருந்து எடுக்கத் தொடங்கினார். இரண்டு வாரம் அந்த வராந்தாவில் வகுப்பு நடந்தது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவள் முன்கேட் வழியாக வகுப்புக்கு வந்து, ஜன்னல் பக்கம், இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். என் வகுப்பில் தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனாலும் வந்தாள்.

பருவம் முடிந்தது. வருகைப் பதிவேடு எடுத்துக் கூட்டினேன். இரண்டாம் ஆண்டுக்கு நான்தான் வகுப்பாசிரியை. முக்கால் பங்கு நாள் வந்திருந்தால்தான் பரீட்சை எழுதலாம். குறைந்தவர்கள் காரணம் எழுதி, அதற்குச் சான்று வைத்து விண்ணப்பிக்க வேண்டும். பெயரும் காரணமும் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். செலினுக்கு நாலு நாள் குறைந்தது.

அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். அவளாக வந்து என்னோடு பேசியது அந்த ஒரு முறைதான்.

“நாலு நாளாக்கும் டீச்சர்” என்றாள்.

“விண்ணப்பம் எழுதிக் கொடு. முகாமில் இருக்கேன்னு வில்லேஜ் ஆபீஸில ஒரு கடிதம் வாங்கிக்கோ. உடனே கிடைக்கும்.”

“போர்டில போடுவாங்க இல்லியா?”

“விதி அப்படித்தான்.”

“அது ஒக்காது டீச்சர்.” அவள் பதிவேட்டைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காமல் கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது.

அவள் போன பிறகு பரமேஸ்வரன் சார் வந்தார். அன்று அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

“நாலு கட்டம். எழுது சரோஜா.”

“எப்படி சார்? அவ வரலியே.”

“இந்தத் துறையில உள்ள ஒரு வாத்தியார், இந்தக் காலேஜ் கெட்டடத்தில, இந்த சிலபஸ ரெண்டு ஆழ்ச்ச படிப்பிச்சாச்சு. அவ எனக்க முன்ன இருந்து படிச்சா. அவ ஹாஜர் இல்லேங்கி, நான் ஆருக்குக் கிளாஸ் எடுத்தேன்?”

“டைம்டேபிள்ல இல்லாத வகுப்பு சார்.”

நான் அப்படித்தான் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதான். அவர், “ஹாஜர் புஸ்தகம் உனக்க கையில இருக்கு. நான் வாங்கி எழுத மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனிதன் பயந்து வெட்டிக்கொள்வான், அதனால் சட்டம் வேண்டும் என்று முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். நான் எப்போதும் மறுபக்கம், மனிதன் நல்லவன் என்ற கட்சி. நாலு கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது இருவரும் இடம் மாறியிருந்தோம். இன்று இவளுக்கு எழுதினால் நாளைக்கு மந்திரியின் மருமகனுக்கு எழுதச் சொல்வார்கள், ஒரு விதி உடைந்தால் எல்லாம் உடையும் என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டேன். அத்தனையும் பொய். எனக்குப் பயம். யாராவது, இந்த நாலு நாள் இவள் எங்கே இருந்தாள் என்று கேட்டால், ஏன் வரவில்லை என்று அடுத்துக் கேட்பார்கள். ஏழாம் அறையில் நான் விரல் நீட்டியது வெளியே வரும். அதற்குப் பயந்துதான் அந்தப் பெண்ணின் படிப்பை விதிக்குக் கொடுத்தேன். சிவப்பு மையில் மொத்தம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆபீஸில் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சோறும் தின்றேன்.

செலினின் பெயர் பரீட்சைப் பட்டியலில் வரவில்லை. அடுத்த வருடம் இளையவர்களோடு சேர்ந்து அந்தப் பருவத்தை மறுபடி படிக்கலாம் என்று சட்டம் சொன்னது. அவள் வரவில்லை. பரீட்சை நடந்த வாரமே முகாமைக் கலைத்து, குடும்பங்களை அங்கும் இங்குமாக வாடகை வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஏழாம் அறையைப் பியூன் கழுவிவிட்டு பெஞ்சுகளைத் திரும்பக் கொண்டுபோட்டான். பரமேஸ்வரன் சார் மார்ச்சில் ரிட்டயர்டானார். பிரிவு உபசாரத்தில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். என்னைப் பற்றிச் சொன்னது, பதிவேடுகளைச் சுத்தமாக வைப்பவள் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். அவர் குத்திக் காட்டுகிற ஆள் அல்ல. என்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு வேறொன்றும் மிச்சமில்லை.

நான் அதற்குப் பிறகும் பதினொரு வருடம் சாக்பீஸ் கிளாஸ் எடுத்தேன். பெஞ்சுகளை எடுத்துப் போட்டேன், நடுத்தரையில் சாக்பீஸ் வைத்தேன், முதுகைக் காட்டி நின்றேன். சின்ன கட்டத்தில் இருக்கும் பிள்ளையிடம் குந்தி உட்கார்ந்து நீ எதற்குச் சம்மதித்தாய் என்று கேட்டேன். பிள்ளைகள் ரசித்தார்கள். பிந்து, நீ கேட்ட வகுப்பு இவ்வளவுதான். அதில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஏதாவது உண்மையாக இருந்தால் அது பரமேஸ்வரன் சாருடையது.

நான் ரிட்டயர்டாகிப் பல வருடம் கழித்து, போன வருடம் என் கணவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்து பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். மாலை நாலு முதல் ஐந்து வரை, ஒரு நோயாளிக்கு ஓர் ஆள், ஐந்து நிமிடம். இரண்டாவது நாள் நான் போன பஸ் அமரவிளையில் லாரி கவிழ்ந்து முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. ஓடிப்போய்ச் சேரும்போது சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபது. கதவை மூடியிருந்தார்கள். கதவுக்கு முன்னால் ஒரு மேசை, ஒரு பதிவேடு, நீலச் சீருடையில் ஒரு காவல்காரப் பெண்.

அவள் தலையைத் தூக்கினாள். நரை ஓடியிருந்தது, உடம்பு வைத்திருந்தது. ஆனாலும் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

“டீச்சர்” என்றாள். “ஆருக்கு?”

“அவருக்கு. எனக்க வீட்டுக்காரருக்கு. பஸ் வழியில நின்னுபோச்சு செலின், நேரம்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். நேரத்தைப் பற்றி அவளிடம் கெஞ்ச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து என் பெயரை எழுதினாள். ஒரு தப்பில்லாமல், இனிஷியலோடு. நேரம் என்ற இடத்தில் 4.55 என்று எழுதி, பேனாவை என்னிடம் நீட்டினாள்.

“ஒப்பு இடுங்க டீச்சர்.”

நான் பக்கத்தைப் பார்த்தேன். என் பெயருக்கு மேலே ஓர் ஆள், 4.55. அதற்கு மேலே, 4.55. அதற்கும் மேலே அதேதான்.

“செலின், ஆராவது கண்டா ஒனக்கு வேலை போகாதா?”

“போனா போகட்டு. பொழியூரில இருந்தும் வெள்ளறடயில இருந்தும் ரெண்டு பஸ் மாறி வாற ஆளுகளாக்கும். கிளாக்கு பாத்தா ஒருத்தருக்கும் சொந்த ஆளக் காண ஒக்காது. ஆரு வந்தாலும் நான் இப்படித்தான் எழுதுவேன்.”

ஆரு வந்தாலும். எனக்கென்று செய்தாள், என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ள அவள் இடம் தரவில்லை. பழையதைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். நானே சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு கிழவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். செலின் அவர்கள் பக்கம் பார்த்தாள்.

“செருப்பக் கழத்திட்டு கேறிப் போங்க டீச்சர். அஞ்சு நிமிஷம் உண்டு.”

கையெழுத்துப் போட்டேன். என் உத்தியோக காலம் முழுக்கப் பதிவேட்டில் ஒரு பொய் எழுதாத கை அது.

உள்ளே அவர் கண்ணை மூடிக் கிடந்தார். கூப்பிட்டேன், அசைவில்லை. கால்மாட்டில் நின்று அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அடக்க முடியாமல் அழுகை வந்தது. வாயில் முந்தானையை வைத்து அழுத்தியும் நிற்கவில்லை. ஒரு நர்ஸ் ஓடி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். “பேடிக்காண்டாம் அம்மா, அவருக்கு நல்லாவும்” என்றாள். நான் அவருக்காக அழவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.